சந்தியாகு எப்போது பேசுவான்

"என்னமோ சொல்லணும்னு சொன்னியே லிபின்?"

"சொல்லணும். ஆனா இப்பம் வேண்டாம்."

"பின்ன எப்பம்?"

"நேரம் வரட்டும், ஷிஜி."

"செரி. பஸ் வந்துட்டு."

முட்டம் பேருந்து நிறுத்தத்தில் இந்தப் பேச்சு நடந்து நாலைந்து வருடம் இருக்கும். அன்று பஸ் வந்தது, ஷிஜி ஏறிப் போனாள். நேரம் மட்டும்தான் இன்றுவரை வரவில்லை.

இது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சாக இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது இதைக் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் மலேசியாவின் கிள்ளானிலும் பல ஆயிரம் பேர் வாசித்துவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

லிபின் இணைய விளையாட்டுகளுக்குக் கதை எழுதுகிறவன். அலுவலகம் திருவனந்தபுரத்தில். வாரத்தில் பாதி நாள் அங்கே, மீதி நாள் முட்டத்தில் வீட்டு மாடியில் கணினி முன்னால். அவர்களுடைய விளையாட்டின் பெயர் 'ஏழாழி'. ஆளுக்கொரு படகு, கூட்டமாகச் சேர்ந்து கடல் தாண்டிப் போக வேண்டும், வழியில் பூதங்களைச் சுட வேண்டும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் புதிதாக 'வெண்மணல் துறை' என்று ஒரு விரிவாக்கம் வெளியிட்டார்கள். அதன் கதை முழுவதும் லிபின் எழுதியது.

வெண்மணல் துறையில் சந்தியாகு என்று ஒரு படகோட்டி. அமலி என்று ஒரு பெண். சந்தியாகுவுக்கு அமலியைப் பிடிக்கும். அவன் போய்ப் பெண் கேட்டு, அவள் சரி என்று சொன்னால், அவனுடைய பெரிய படகு கடலில் இறங்கும். அது இறங்கினால்தான் விளையாடுகிறவர்களுக்குப் புதுக் கடல் திறக்கும். அதுவரை எல்லாரும் துறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

சந்தியாகு கேட்கவில்லை. விரிவாக்கம் வந்து இரண்டு மாதம் நெருங்குகிறது, இன்னும் கேட்கவில்லை.

"இருபது மணிநேரமாக இவனுக்கும் அவளுக்கும் நடுவில் இறால் ஊறுகாய் சுமக்கிறேன். என் படகில் பீரங்கி இருக்கிறது. அது எதற்கு என்று யாராவது சொல்லுங்கள்" என்று விளையாட்டின் விமர்சனப் பக்கத்தில் கோவையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

"'நேரம் வரட்டும், அமலி' என்கிறான். எப்போது? என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது" என்றார் கிள்ளான்காரர்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பொறுமையாக நீண்ட கட்டுரையே எழுதியிருந்தார். கதையின் முதல் பாதியில் நடப்பவற்றை அவர் சுருக்கிக் கொடுத்த வரி இதுதான்: "சந்தியாகு பெருமூச்சு விட்டான்."

எல்லாரும் ஒன்றுபோல் திட்டிய இடம் கோயில் காட்சி. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையில் மணமக்களின் பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று சாமியார் கேட்பது கடற்கரைக் கிறிஸ்தவர்களின் வழக்கம். ஓலை வாசிப்பது என்று பெயர். லிபின் அதைக் கதையில் வைத்திருந்தான். வேறு யாரோ ஒரு ஜோடிக்கு ஓலை வாசிப்பார்கள். சந்தியாகு பெஞ்சில் உட்கார்ந்து கேட்பான். விளையாடுகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்று ஞாயிறும். நடுவில் எழுந்து போக முடியாது.

"ஒரே அறிவிப்பை மூன்று முறை கேட்க வைப்பது கதையை இழுப்பதற்கு என்றே செய்த வேலை" என்று ஊர் உலகமே சொன்னபோது, ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதினார். 'மூணாம் ஓலை' என்ற பெயரில் வந்தவர்.

"ஓலை மூன்று முறை வாசிப்பது நீளம் இல்லை. அது முறை. அடுத்தவனுக்கு வாசிப்பதை மூன்று முறை கேட்டுவிட்டு, நமக்கு எப்போது என்று யோசிக்காமல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறானே, அதுதான் நீளம்."

அந்த ஒரு பதிவை மட்டும் அத்தனை பேர் பகிர்ந்திருந்தார்கள். லிபின் மட்டும் அதை வாசித்த வேகத்தில் மூடினான். ஏனென்றால் சந்தியாகு என்பது லிபின். அமலி என்பது, எதிர் வரிசையில் நாலாவது வீட்டில் இருக்கும் ஷிஜி. இந்த உலகத்தில் அது அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கைபேசி அடித்தது. அவனுடைய மேலாளர் ராஜகுமார். சுசீந்திரத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் ரொம்ப மெதுவாகப் பேசுவார். அன்றைக்கு மிக மெதுவாகப் பேசினார்.

"மக்கா, அந்த மூணாம் ஓலைய வாசிச்சியா?"

"வாசிச்சேன் சார்."

"அவன் சொல்லுதது செரிதானே? அந்தச் சந்தியாகு எதுக்குத்தான் காத்துக் கெடக்கான்?"

"அது வந்து சார், அவனுக்கு ஒரு பயம். அவ மாட்டேன்னு சொல்லிட்டா, அப்புறம் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே பஸ். எப்படி முகத்துல முழிக்கது?"

"துறையில பஸ் எங்கலே ஓடுது?"

லிபின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆளுக பாதிக்குப் பாதி விட்டுட்டுப் போறான். வியாழக்கிழமை வியாழக்கிழமை திருத்தம் போடுதோம்லா? இந்த வியாழனுக்குக் கதைய நகத்து. எப்படியாவது நகத்து."

கதையை நகர்த்துவதற்கு எளிய வழி, சந்தியாகுவைப் போய்ப் பேச வைப்பது. லிபின் கணினியில் அந்தக் காட்சியைத் திறந்தான். 'அமலி, நான் உன்னை' என்று தட்டினான். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. காது சூடானது. அழித்தான். சந்தியாகு பேசுவதற்குப் பதில், அவனை அவசரப்படுத்த ஒருவனைக் கொண்டுவரலாம் என்று தோன்றியது.

அப்படித்தான் கப்பல்காரன் பிறந்தான். அயல்தேசத்தில் வேலை, சொந்தக் கப்பல், நல்ல மீசை. துறைக்கு வந்து இறங்கியதும் அமலியிடம், "எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. உன் வீட்டில் வந்து பேசட்டுமா?" என்று கேட்டான். அவ்வளவுதான், மூன்று வினாடி.

வியாழக்கிழமை திருத்தம் வெளியானது. அன்று மாலைக்குள் விளையாடுகிறவர்கள் எல்லாரும் கப்பல்காரன் பக்கம் போய்விட்டார்கள்.

"வந்தான், பேசினான். இதுக்கு இத்தனை நாளா?" என்றது கோவை. "அமலியை இவனுக்கே கொடுத்துவிடுங்கள், சந்தியாகு ஊறுகாய் வியாபாரம் பார்க்கட்டும்" என்றது கிள்ளான். மறுநாள் மூணாம் ஓலையும் எழுதியிருந்தார்: "கப்பல்காரன் கொள்ளாம். இப்போதுதான் கதையில் ஒரு சூடு வந்திருக்கிறது. இந்த வழியிலேயே போகலாம்."

கொள்ளாம் என்ற சொல்லைப் பார்த்ததும் லிபின் கொஞ்சம் நிமிர்ந்தான். நன்றாக இருக்கிறது என்பதற்குக் கோவையில் யாரும் கொள்ளாம் என்று சொல்வதில்லை. ஆள் நம்ம ஊர்ப்பக்கம்தான் போல என்று நினைத்துக்கொண்டு கீழே சாப்பிடப் போனான்.

அவன் அம்மா நேசம்மாள் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா மக்கா, நம்ம ஷிஜிக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு. பையன் குவைத்துல. பெரிய உத்தியோகமாம். மீசையெல்லாம் வச்சி நல்லா இருப்பானாம்."

லிபினின் கையிலிருந்த தட்டு தானாகக் கீழே இறங்கியது.

"யாரு சொன்னா?"

"இசபெல்தான் சொன்னா. ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி சொன்னா. அடுத்த ஞாயிறுக்கு மத்த ஞாயிறு பெண்ணு பாக்க வாராவளாம். 'லிபின்ட்டயும் சொல்லிரு நேசம்மா'ன்னா. ஒனக்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு எனக்கு மனசிலாவல."

இசபெல் ஷிஜியின் அம்மா. அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டத்துக்குத் தலைவி. கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால், "விஷயத்துக்கு வா" என்று ஒரே வெட்டாக வெட்டுவாள். அந்தத் தெருவில் பங்குச்சாமியாருக்குப் பயப்படாதவர்கள்கூட இசபெலுக்குப் பயப்படுவார்கள்.

"நல்ல விஷயம்தான்" என்றான் லிபின்.

"நல்ல விஷயம்தான். ஒரே தெருவுல ஒரு நல்ல பெண்ணு, கண்ணு முன்னால வளந்தா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போய்க் கேட்டிருப்பேன். அவிய வந்து கேப்பாவளா? பெண்ணு வீட்டுக்காரங்களே வாய்விட்டுக் கேட்டா ஊரு என்ன பேசும்? யாரையாவது மனசுல வச்சிருக்கியான்னு எத்தன வாட்டி கேட்டேன்."

"யாரும் இல்லம்மா."

"செரி, அப்பம் சாப்பிடு."

அவன் சாப்பிடவில்லை. மாடிக்குப் போனான். அவன் வியாழக்கிழமை ஒரு அயல்தேச மாப்பிள்ளையை எழுதினான். வெள்ளிக்கிழமை நிஜத்தில் ஒருவன் முளைத்துவிட்டான், மீசை உட்பட. எழுதி எழுதியே தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறோமோ என்று அவனுக்குப் பயம் வந்தது. எழுதினது நடக்கும் என்றால், எழுதினதை மாற்றினாலும் நடக்குமல்லவா? படித்த பையன் நம்பக்கூடிய விஷயம் இல்லைதான். ஆனால் பயத்துக்குப் படிப்பு தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை கப்பல்காரனின் கப்பலைப் புயலில் மூழ்கடித்தான்.

அத்தோடு, சந்தியாகு ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்பதற்கு ஒரு காரணமும் சேர்த்தான். அமலியின் அம்மா திரேசம்மாள். அதுவரை கதையில் ஓரமாக இருந்தவளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கையில் அகப்பை. கண்ணில் நெருப்பு. அவளைத் தாண்டி யாரும் வீட்டுக்குள் போக முடியாது. எழுதும்போது அவன் மனதில் யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதுவும் வினையாகத்தான் முடிந்தது. கப்பல்காரன் செத்ததை ஆட்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றாகக் கிளம்பிப் போய் மூழ்கிய இடத்தில் மலர் தூவின. திரும்பி வந்ததும் நேராகத் திரேசம்மாள் வீட்டுக்கு முன்னால் அணிவகுத்து நின்றார்கள்.

"கடைசியில் பீரங்கி எதற்கு என்று தெரிந்தது" என்றது கோவை.

ராஜகுமார் அழைத்தார். குரல் கேட்கவே இல்லை, அவ்வளவு மெதுவாக இருந்தது.

"என்னது சார்?"

"பெண்ணுக்க அம்மைய பீரங்கி வச்சிச் சுடுதானுவன்னு சொல்லுதேன். குடும்பத்தோட விளையாடுத விளையாட்டுன்னு விளம்பரம் போட்டிருக்கோம். இதுல முன்ன கத இழுத்துது, இப்பம் தல தெறிக்க ஓடுதுன்னு வேற எழுதுதானுவ. அடுத்த வியாழனுக்குள்ள அந்தச் சந்தியாகு வாயத் தொறக்கல்லன்னா, நான் வேற ஆளு வச்சி எழுதிக்கிடுவேன், கேட்டியா?"

வேறு ஆள் எழுதினால் சந்தியாகு என்ன ஆவான் என்பதைவிட லிபினுக்கு வேறொரு கவலை. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் குவைத்துக்காரர்கள் வருகிறார்கள். கப்பலை மூழ்கடித்தும் குவைத்தில் ஒரு அசைவும் இல்லை. அம்மாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தான்.

"குவைத்துப் பையனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவனுக்கு என்ன கேடு? நல்லா இருக்கானாம். ஏன்லே கேக்க?"

அன்று சாயங்காலம் கோயிலில் இசபெலை எதிரே பார்த்தான். ஒதுங்கலாம் என்று நினைப்பதற்குள் அவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"லிபினு, ஒனக்கு என்ன வயசாவுது?"

"முப்பது, ஆன்டி."

"முப்பத்தொண்ணு. ஒனக்க ஞானஸ்நானத்துக்கு மெழுகுதிரி பிடிச்சது நான்." அவனை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள். "மனுசன் பேருல பழி போடதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடணும்" என்று யாரையோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் எப்போதும் கைபேசியும் கையுமாகத்தான் இருந்தாள். ஜெபமாலைக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள் என்று தெருவில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூணாம் ஓலையின் புதிய பதிவு காத்திருந்தது. இந்த முறை எழுத்தில் சூடு பறந்தது.

"அமலியின் அம்மா என்ன பாவம் செய்தாள்? அவள் இதுவரை ஒரு தடை சொல்லியிருக்கிறாளா? யாராவது வந்து கேட்டால்தானே அவள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும்? பேசப் பயம் சந்தியாகுவுக்கு. பழி அந்த அம்மாவுக்கு. எழுதுகிறவருக்கு ஒன்று கேட்கிறேன். இவன் தினமும் சாயங்காலம் உப்பு வாங்க, பால் வாங்க என்று ஊரைச் சுற்றி அவள் வீட்டு வாசல் வழியாகப் போகிறான். கடை இவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு உப்பு வேண்டும்? இது அந்தத் தெருவில் யாருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறானா?"

லிபின் அதை இன்னொரு முறை வாசித்தான். பிறகு கணினியில் தான் எழுதிய கதை முழுவதையும் தேடிப் பார்த்தான்.

வெண்மணல் துறையில் சந்தியாகு உப்பு வாங்கப் போகும் காட்சியே கிடையாது.

உப்பு வாங்கப் போகிறவன் லிபின்.

அடுக்களை அலமாரியில் பிரிக்காமல் அடுக்கியிருக்கும் உப்புப் பாக்கெட்டுகள் அவன் கண் முன்னால் வந்து நின்றன. இது விளையாட்டைப் பற்றிய விமர்சனம் இல்லை. யாரோ இவனை, இத்தனை நாளாக, நாட்டுக்கே கேட்கும்படி விமர்சித்துக்கொண்டிருக்கிறார்கள்.

யார்? விரிவாக்கம் வெளியான அன்று, வேலை செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்தவர்களின் கைபேசிகளில் விளையாட்டை ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் உத்தரவு. லிபினும் தெருவில் கைக்குக் கிடைத்த கைபேசியில் எல்லாம் ஏற்றிவிட்டிருந்தான். பாடகற்குழுப் பிள்ளைகள், பால்கடை முருகதாஸ், அம்மா, ஷிஜி வீட்டில் எல்லாருக்கும்.

ஷிஜி.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். ஷிஜியேதான். பேருந்து நிறுத்தத்தில் பேசியது அவளுக்குத் தெரியும். வாசல் வழியாக உப்பு வாங்கப் போவது தெரியும். அம்மாவை அரக்கி மாதிரி எழுதினால் அவளுக்குத்தான் கோபம் வரும். நாகர்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். தூரத்தில் இருக்கிற சின்ன எழுத்தையெல்லாம் மற்றவர்களை வாசிக்க வைக்கிறவள். அவளா கண்ணுக்கு முன்னால் இருப்பதை வாசிக்காமல் விடுவாள்?

பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் மனிதனுக்கு என்ன செய்வது என்றே தெரியாது. லிபின் விளையாட்டின் உள்பெட்டியைத் திறந்து, கதாசிரியர் என்ற முறையில் மூணாம் ஓலைக்கு எழுதினான்.

"உங்கள் விமர்சனத்துக்கு நன்றி. சந்தியாகு என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

பதில் உடனே வந்தது. "ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நேராக வீட்டுக்கு வந்து கேட்கச் சொல்லுங்கள். ஊறுகாய் வேண்டாம்."

"அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?"

"சொல்ல மாட்டாள். அவள் மனசு எனக்குத் தெரியும்."

லிபின் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தான்.

"அவள் அம்மா?"

"அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதினது அத்தனையும் தப்பு. அவள் நல்ல மீன்குழம்பு வைப்பாள்."

சனிக்கிழமை சாயங்காலம் லிபின் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"எங்கலே, உப்பு வாங்கவா?" என்றாள் நேசம்மாள்.

"இல்லம்மா."

"தெய்வமே, நல்லது."

நாலாவது வீடு என்பது நாற்பது எட்டு. அன்றைக்கு அது முட்டத்திலிருந்து கன்னியாகுமரிவரை நீண்டு கிடந்தது. போகிற வழியில் ஒரு தடவை திரும்பினான். ஆனால் பால்கடை முருகதாஸ் பார்த்துவிட்டு, "என்ன லிபினு, இன்னைக்குப் பாலு இல்லியா?" என்று கேட்டதும், இந்தப் பக்கமும் போக முடியாது என்று தெரிந்து, மறுபடி அந்தப் பக்கமே நடந்தான்.

கதவைத் திறந்தது இசபெல். கையில் நிஜமாகவே அகப்பை இருந்தது.

"என்ன மக்கா?"

"ஷிஜி இருக்காளா ஆன்டி?"

"எதுக்கு?"

"ஒரு விஷயம் பேசணும்."

இசபெல் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஏட்டி ஷிஜி, லிபின் வந்திருக்கான்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, மறு வார்த்தை சொல்லாமல் விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய் மறைந்தாள். அவளுடைய அந்த வேகம் லிபினை இன்னும் பயமுறுத்தியது.

முன்னறையில் ஷிஜியின் அப்பா மரியான் நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சியில் காற்று நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் என்ன பேசுவாரோ தெரியாது, கரையில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. லிபினைப் பார்த்துத் தலையை ஆட்டினார். லிபினும் ஆட்டினான்.

ஷிஜி துவைத்த துணிகளைக் கையில் வாரிக்கொண்டு வந்தாள். "என்ன, சட்டையெல்லாம் பயங்கரமா இருக்கு?"

"நீ எழுதினதெல்லாம் வாசிச்சேன் ஷிஜி."

"நான் என்ன எழுதினேன்?"

"பரவால்ல, நீ ஒத்துக்கிட வேண்டாம். நீ சொன்ன எல்லாம் செரிதான். கத ரொம்ப இழுத்துட்டு. பழியத் தூக்கி ஆன்டி பேருல போட்டதும் தப்புதான். அதான் ஊறுகாய் ஒண்ணும் இல்லாம நேரா வந்திருக்கேன்."

"ஊறுகாயா? லிபின், ஒனக்குக் காய்ச்சலா?" அவள் துணிகளை மேசையில் வைத்துவிட்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்தக் கண்களில் குறும்பு இல்லை, நடிப்பு இல்லை, நிஜமான கவலை மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் லிபினுக்கு எங்கோ கணக்கு தப்பியிருப்பதுபோல் பட்டது. ஆனால் இத்தனை வருடம் உள்ளே கிடந்த வார்த்தை அதற்குள் பல்லுக்கு வெளியே வந்துவிட்டது.

"ஷிஜி, என்னைக் கட்டிக்கிடுதியா?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டான். தொலைக்காட்சியில் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கூடச் சற்று நிறுத்தியதுபோல் இருந்தது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

ஷிஜி பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"இதச் சொல்லதுக்காலே இத்தன வருசம்?"

"பயமா இருந்துது."

"என்னையப் பாத்தா?"

"நீ இல்லன்னு சொல்லிருவியோன்னு."

"நானும் நீ கேக்கவே மாட்டியோன்னுதான் பயந்துட்டுக் கெடந்தேன். ஒனக்காக வேணும்னே எத்தன பஸ்ச விட்டிருக்கேன் தெரியுமா?" அவள் ஒரு துணியை எடுத்து மடித்தாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள். "கட்டிக்கிடுதேன்."

லிபின் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்ட பிறகுதான் அடுத்த பயம் வந்தது.

"அப்பம் நாளைக்கு அவிய வந்தா என்ன சொல்லுவ?"

"யாரு வாராவ?"

"குவைத்துக்காரங்க. ஒன்னையப் பெண்ணு பாக்க."

"என்னையா? நாளைக்கு எனக்கு சுசீந்திரத்துல கண் முகாம். நான் வீட்டுலயே இல்ல." அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த குவைத்துப்பா?"

மரியான் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லிபின் மெல்லக் கேட்டான். "ஷிஜி, மூணாம் ஓலைங்கது நீதானே?"

"அது என்னது?"

"விளையாட்டுல நீ எழுதுத பேரு. நான் ஒனக்க போனுல ஏத்தித் தந்தேன்லா?"

"அத அன்னைக்கே அழிச்சிட்டேன். போனுல எடமே இல்ல. நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

அடுக்களை வாசலில் தொங்கிய திரை லேசாக ஆடியது. அதன் கீழே இசபெலின் இரண்டு பாதங்கள் அசையாமல் நின்றன. மரியான் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு மாசமா வாய்க்குள்ள வச்சிட்டிருக்கேன், இசபெல். அவன்தான் கேட்டுட்டான்லா, இனி இல்லாத குவைத்துக்காரனையும் ஒனக்க மூணாம் ஓலையையும் விட்டுட்டு, அந்தப் போனைக் கீழ வச்சி, எனக்குச் சூடா ஒரு தட்டு சோறு போடு."